திவான் வேறு, பால் வெட்டுகிற மாமா வேறு

நடுவர் அவர்களுக்கும், வாவுபலித் திடலில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் குழித்துறை மக்களுக்கும் வணக்கம்.

தப்பான செய்தி போட்ட பத்திரிகை நஷ்டஈடு கொடுக்க வேண்டுமா என்பதுதான் இன்றைய பட்டிமன்றம். வேண்டாம் என்கிறது எதிரணி, வேண்டும் என்கிறேன் நான். எதிரணி அண்ணன் ‘சுதேசாபிமானி’ பத்திரிகை ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். பக்கத்து நெய்யாற்றின்கரைக்காரர், 1910-ல் திருவிதாங்கூர் அரசு அச்சகத்தைப் பறித்து அவரை நாடு கடத்தியது. ஆனால் அண்ணே, அவர் எழுதியது திவானை! திவானிடம் போலீஸ் உண்டு, கஜானா உண்டு. எங்கள் மாமாவிடம் ஒரு டார்ச்சும் பால் வெட்டுகிற கத்தியும்தான் உண்டு.

மாமா கதையைக் கேளுங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒருநாள் ஒரு பத்திரிகையில் ரப்பர் ஷீட் திருடன் பிடிபட்ட செய்தி. செய்தி சரி, பெயரும் சரி, படம் மட்டும் மாமாவுடையது! இரண்டு பேருக்கும் ஒரே பெயராம். அதுவும் கல்யாண வீட்டில் எடுத்த படம், கழுத்தில் மாலை. டீக்கடையில் கேட்கிறார்கள், ‘மாமா, மாலை போட்டது போலீஸா, ஷீட்டுக்காரரா?’ மாமா, ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற புகைப்புரைப் பக்கம் போனால் ஆட்கள் ஷீட்டை எண்ணுகிறார்கள். கடைசியில் மாமாவே எண்ண ஆரம்பித்துவிட்டார்!

அப்புறம் திருத்தம் வந்தது. ஏழாம் பக்கம், மூலநோய் விளம்பரத்துக்குக் கீழே: ‘படத்தில் இருப்பவர் திருடன் அல்ல.’ படத்தைப் போடவே இல்லை! யார் திருடன் அல்ல? ஊரில் பாதிப்பேர் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று நிம்மதியாகிவிட்டார்கள்.

அண்ணன் என்ன கேட்டார்? ‘மானநஷ்டம் கேட்கிறவன், மானம் இருந்ததற்கு முதலில் ரசீது காட்டட்டும்.’ சரி அண்ணே, நாளைக் காலை உங்கள் படத்தை ரப்பர் ஷீட்டோடு போடுகிறோம். சாயங்காலம் ரசீதோடு வாருங்கள். இதோ, இப்போதே பர்ஸைத் தடவுகிறார், பாருங்கள்! ரசீது கேட்க வேண்டியது மாமாவிடமா? படம் போடுகிறவர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதுமே.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நடுவர் மணியைப் பார்க்கிறார். நம் ஆட்டோ சங்கரின் சுயசரிதையைப் பத்திரிகை வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அதிகாரியின் உத்தியோகச் செயலைப் பற்றி எழுதியதில் தவறு வந்தாலும், உண்மையைத் துளியும் மதிக்காமல் எழுதினால் ஒழிய அவர் நஷ்டஈடு கேட்க முடியாது. அந்தச் சலுகை அதிகாரத்தைக் கேள்வி கேட்பதற்கு. மாமாவுக்கு என்ன அதிகாரம்? அவதூறுக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில் என்று சட்டத்தில் இருக்கிறது, அதை நான் கேட்கவில்லை. நஷ்டஈடு கொடுங்கள், அதே பக்கத்தில், அதே அளவில், மாலையோடு படத்தைப் போட்டுத் திருத்தம் போடுங்கள்.

இன்னொன்று. மாமா மகளைப் பெண் பார்க்கப் பாறசாலையிலிருந்து வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. மாமி சுட்டு வைத்த முறுக்கை எங்கள் வீட்டில் கொண்டுவந்து, ‘நீங்களாவது தின்னுங்க மக்களே’ என்றார். அந்தப் பெண் அப்பாவிடம், ‘எனக்கு முதல்லேயே அந்த இடம் பிடிக்கலைப்பா’ என்று சொன்னாள். பொய், நடுவர் அவர்களே. மாப்பிள்ளை படத்தை அவள் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.