ஆர்.கே. நகரும் ஒரு வீடியோவும்

[காட்சி: தண்டையார்பேட்டை டீக்கடை. பெஞ்சில் நாலு பேர், நாலு போன்.]

2017 டிசம்பர் 20. விடிந்தால், ஜெயலலிதா மறைவால் காலியான சென்னை ஆர்.கே. நகர் தொகுதிக்கு இடைத்தேர்தல். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தெருக்களில் மைக் சத்தம் அடங்கிவிட்டது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவு.

அன்று காலையில்தான் அந்த வீடியோ வந்தது. மருத்துவமனைப் படுக்கையில் ஜெயலலிதா பழச்சாறு குடிக்கிறார். சில விநாடிகள்தான். வெளியிட்டவர் டி.டி.வி. தினகரன் அணியின் வெற்றிவேல். சேனல்கள் திரும்பத் திரும்பப் போட்டன. நிறுத்தச் சொன்னது தேர்தல் ஆணையம். டிவி நிறுத்தலாம். அதற்குள் போனில் இறங்கிவிட்டதை யார் நிறுத்துவது?

குக்கர் சின்னத்தில் நின்ற தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வீடியோதான் ஜெயிக்க வைத்தது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணப் பட்டுவாடா புகாரால் அந்த ஏப்ரலில் ஒரு தடவை ரத்தான தேர்தல் அது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

[காட்சி: போன் திரை. அதில் டிவி திரை. மறுபடி போன்.]

சரி, இதில் கவனிக்க வேண்டியது வேறு. செய்தி ஒரு பக்கம், வாட்ஸ்அப் இன்னொரு பக்கம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். நடப்பது அப்படி இல்லை. போனில் சுற்றுவதை 'வைரலாகி வருகிறது' என்று டிவி சொல்லும். அந்த டிவியைப் படம் பிடித்து மறுபடி குரூப்பில் போடுவார்கள். இப்போது அது 'டிவியிலேயே வந்துச்சு'! டிவியில் வராததற்கும் வழி உண்டு: சேனல் லோகோ ஒட்டிய போலி நியூஸ் கார்டு. அனுப்புவது மச்சான், பக்கத்து வீட்டு அக்கா. சந்தேகப்படவே கூச்சமாக இருக்கும்.

பிரேசிலிலும் 2018 அதிபர் தேர்தலில் வாட்ஸ்அப் வதந்திகள் பெரிய தலைவலி. இந்தியாவில் அதே ஆண்டு ஜூலையிலேயே ஒரு தகவலை 5 பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அதற்குக் காரணம் தேர்தல்கூட இல்லை. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியில் போன உயிர்கள்.

2019இல், 126ஆவது பிரிவை மீறும் பதிவு பற்றி ஆணையம் சொன்னால் 3 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுப்பதாகச் சமூக ஊடக நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஃபேஸ்புக் பதிவுக்கு இது சரி. பூட்டிய குரூப்புக்குள் ஓடுவதை ஆணையம் பார்க்கவே முடியாதே.

[காட்சி: சி-விஜில் செயலி.]

பணம் கொடுப்பதை நேரில் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் செய்யலாம். 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது கணக்கு. ஆனால் அந்தச் செயலிக்குள்ளேயே கேமராவைத் திறந்து, அந்த இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். கேலரியில் இருப்பதை ஏற்ற முடியாது. குரூப்பில் வந்த வீடியோவை அது வாங்கவே வாங்காது.