ஏழு ஜெர்சி மாற்றிய டைரன் லூ

நேயர்களுக்கு வணக்கம்.

கூடைப்பந்து பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மைக்கேல் ஜோர்டான், லெப்ரான் ஜேம்ஸ் என்று யாராவது ஒருவரைப் பற்றிச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு பேரும் வருவார்கள். ஆனால் ஓரமாக வந்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது அந்த இரண்டு பேரோடும் வேலை பார்த்த ஓர் ஆறடி ஆளைப் பற்றி. பெயர் டைரன் லூ. ஆறடி என்றால் நம் ஊர்ப் பழைய வீடுகளில் நிலைப்படி இடிக்கும். என்.பி.ஏ.யில் அது குள்ளம்.

அங்கே ஓர் ஆட்டக்காரரின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீக். மொத்தம் 30 அணிகள். வழக்கமான ஒப்பந்தத்தில் ஓர் அணியில் 15 பேர் வரை இருக்கலாம். அதில் எட்டுப் பத்துப் பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பெஞ்சில் இருப்பார்கள். நட்சத்திரங்களுக்கு நாலைந்து வருட ஒப்பந்தம் கிடைக்கும். மற்றவர்களுக்கு ஒரு வருடம், சில பேருக்குப் பத்தே நாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜனவரி 5-க்குப் பிறகு ஒருவரைப் பத்து நாளைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது. பிடித்திருந்தால் இன்னொரு பத்து நாள். அதற்கும் மேலே அதே அணியில் அவர் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். இது போக டிரேட் என்று ஒன்று. காலையில் ஓர் ஊரில் பயிற்சி செய்தவரை மத்தியானம் இன்னோர் ஊர் அணிக்கு மாற்றிவிட்டார்கள் என்பது அங்கே அன்றாடச் செய்தி. இஷ் ஸ்மித் என்று ஒருவர் 13 அணிகளுக்கு ஆடினார். அதுதான் சாதனை. அந்தப் பதின்மூன்றாவது அணியான டென்வரோடு 2023-ல் சாம்பியனும் ஆனார், பாவம், கடைசியிலாவது கிடைத்ததே.

நம் பக்கம் கதை வேறு. ஒரு பையன் நன்றாக ஆடினால் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், ரயில்வே, ஐ.சி.எஃப்., போலீஸ் என்று ஏதாவது ஓர் இடத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கப் பார்ப்பான். முப்பத்தைந்து வயதில் முட்டி போய் ஆட்டம் நின்றாலும் ஆபீசில் நாற்காலி இருக்கும். நானும் அப்படி ஓர் ஆபீஸ் டீமில் இருந்தவன்தான். அந்த நாற்காலி இல்லாமல் பதினோரு சீசன் ஓட்டிய ஒருவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பிரமிப்பு உண்டு.

1998-ல் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்தபோது டென்வர் அணி லூவை 23-வது ஆளாக எடுத்தது. தேர்வு செய்த கையோடு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கைமாற்றிவிட்டது. லேக்கர்ஸில் ஷகீல் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும் இருந்த காலம். 2000, 2001 இரண்டு வருடமும் கோப்பை. லூவுக்குப் பெரும்பாலும் பெஞ்ச். இறுதிச் சுற்று என்றால் அங்கே ஒரே ஆட்டம் இல்லை, முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை. 2001 இறுதிச் சுற்றில் எதிரணி பிலடெல்ஃபியா, அவர்களுடைய நாயகன் ஆலன் ஐவர்சன். பயிற்சியில் ஐவர்சன் மாதிரி ஆடிக்காட்டும் வேலையை லூவுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் முதல் ஆட்டத்தில் ஐவர்சனை மடக்கவும் அவரையே இறக்கினார்கள். ஓரளவு மடக்கவும் செய்தார். ஆனால் கூடுதல் நேரத்தில் ஐவர்சன் ஒரு மூலையில் இருந்து பந்தைப் போட்டார். தடுக்கப் போன லூ கீழே விழுந்தார், ஐவர்சன் அவரைத் தாண்டிக் கால் வைத்து நடந்தார். அன்று ஐவர்சன் எடுத்தது 48 புள்ளி. அடுத்த நான்கு ஆட்டத்தையும் லேக்கர்ஸ் ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்தக் காலடிப் படம் மட்டும் இன்றுவரை போனில் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்னிடம் வரும் பையன்களுக்கும் லூ என்றால் அந்தப் படம்தான்.

அதன் பிறகு வாஷிங்டன். அங்கே ஜோர்டான் தன் கடைசி இரண்டு சீசனை ஆடிக்கொண்டிருந்தார். பிறகு ஆர்லாண்டோ, ஹூஸ்டன், அட்லாண்டா, டல்லாஸ், மில்வாக்கி. மறுபடியும் ஆர்லாண்டோ. ஹூஸ்டனில் யாவ் மிங், டல்லாஸில் நோவிட்ஸ்கி என்று அங்கெல்லாம் பெரிய நட்சத்திரங்கள். 2009-ல் ஆட்டம் முடிந்தபோது அவர் போட்டிருந்த ஜெர்சிகள் ஏழு.

இதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கூடைப்பந்தில் ஸ்கிரீன் என்று ஒன்று உண்டு. என் கூட்டாளியை மடக்க வரும் ஆளின் வழியில் நான் போய்ச் சிலையாக நிற்பேன். அவன் என் மேல் மோதி நிற்பதற்குள் கூட்டாளி தப்பித்துப் போவான். இதைத் தடுக்க ஒரு கோச், "பின்னாலேயே துரத்து" என்பார். இன்னொருவர், "ஆளை மாத்திக்கோ" என்பார். மூன்றாமவர், "ரெண்டு பேரும் சேர்ந்து பந்து வெச்சிருக்கிறவனை அமுக்கு" என்பார். மூன்றும் சரிதான், அணிக்கு அணி மாறும். நட்சத்திரத்துக்கு இதில் ஒன்று தெரிந்தால் போதும், அவரைச் சுற்றித்தான் அணியையே கட்டுகிறார்கள். லூ மாதிரி ஒருவர் புது ஊரில் இறங்கி ஒரு வாரத்துக்குள் அந்த ஊர் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். தன் இடத்தை மட்டும் தெரிந்துகொண்டாலும் போதாது, பக்கத்து ஆள் எங்கே நிற்பான் என்பதும் தெரிய வேண்டும். யாருக்குப் பதிலாக எப்போது இறக்குவார்கள் என்று தெரியாதே! இப்படி ஏழு தடவை பாடம் படித்தவருக்கு, பாடம் நடத்தவும் வந்துவிடுகிறது.

லேக்கர்ஸின் பழைய நட்சத்திரம் மேஜிக் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை அவரைப் போல் கடத்தியவர் கிடையாது. 1994-ல் லேக்கர்ஸுக்குக் கோச்சாக 16 ஆட்டம் இருந்தார். ஜெயித்தது 5, தோற்றது 11. போதும் என்று விலகிவிட்டார். அதே லேக்கர்ஸுக்குப் பிறகு கோச்சாக வந்த ஃபில் ஜாக்சன் நியூயார்க் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர். சின்ன லீக்கில் ஆல்பனி என்ற அணிக்குக் கோச்சாக இருந்துதான் மேலே வந்தார். கோச்சாக அவர் வாங்கிய கோப்பைகள் 11. உடனே, நட்சத்திரங்கள் எல்லாம் மோசமான கோச் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். பில் ரஸல் ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்து 1968, 69 இரண்டு வருடமும் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். பெஞ்சில் உட்கார்ந்த எல்லாரும் கோச் ஆகிவிடுவதும் இல்லை. பெரும்பாலானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதோடு சரி.

மே மாதம் வந்தால் பெரியகுளம், கரூர், கோவை என்று நம் மாநிலத்தில் அகில இந்தியப் போட்டிகள் வரிசையாக நடக்கும். ராத்திரி மின்னொளியில் ஆட்டம், சுற்றிலும் கேலரியில் ஊரே உட்கார்ந்திருக்கும். எங்கள் ஆபீஸ் டீமில் ஓர் அண்ணன் இருந்தார். வயதாகிவிட்டது, அதிகம் இறக்கமாட்டார்கள். ஒருநாள் நான் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரை நீட்டிவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த எட்டாம் நம்பர் வலது பக்கம் போனா ஷூட் பண்றான். இடது பக்கம் போனா பாஸ்தான். நீ அவனுக்கு வலது பக்கமே ரோட்டைத் திறந்து விட்டுட்டு இருக்கே." உள்ளே ஓடிக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அவர் பிறகு கோச் ஆனார், நல்ல கோச்.

இப்போது நான் சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா அம்மாக்கள் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "சார், டீம்ல எடுத்துட்டு ஏன் உக்கார வெச்சிருக்கீங்க?" நியாயமான கேள்வி. அதனால் உட்காரும் பிள்ளையின் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்துவிடுகிறேன். எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் கார்டு எந்தக் கையால் தட்டுகிறாள், யார் களைத்துவிட்டார்கள், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, யார் குதிக்கவே இல்லை என்று எழுத வேண்டும். டைம் அவுட்டில் முதலில் பேசுவது நோட்டு வைத்திருக்கும் பிள்ளை. ஒரு நிமிடம்தான் டைம் அவுட். அதில் பாதியை ஒரு சிறுமிக்குக் கொடுப்பதா என்று சக கோச் ஒருவர் என்னைத் திட்டியிருக்கிறார்.

ஒருமுறை ஏற்காட்டுக்கு ஆடக் கூட்டிப்போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் இரண்டு பேர் வாந்தி. ஏற்காடு கிட்டத்தட்ட 4,970 அடி உயரம். லூவை எடுத்துக் கைமாற்றிவிட்ட டென்வர் 5,280 அடி. வெளியூர் அணிகளைப் பயமுறுத்துவதற்கென்றே அந்த எண்ணைத் தங்கள் மைதானத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சேலத்து வெயிலில் ஓடிப் பழகிய எங்கள் பிள்ளைகள் குளிரில் முதல் கால்பகுதி ஆட்டத்திலேயே திணறினார்கள். சிமென்ட் தளம், மேலே பனி. இரண்டாவது கால்பகுதியில் டைம் அவுட் எடுத்தேன். நோட்டு வைத்திருந்த பெண் சொன்னாள்: "சார், அவங்க அந்த மரத்துக்குக் கீழே பந்தைத் தட்டவே மாட்டேங்கிறாங்க. அங்க வந்தா பாஸ் பண்ணிடறாங்க." திரும்பிப் பார்த்தால், சில்வர் ஓக் மரத்தில் இருந்து பனி சொட்டி அந்த மூலை முழுக்க ஈரம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. நாங்களோ அங்கே போய்ப் போய் வழுக்கிப் பந்தை விட்டுக்கொண்டிருந்தோம். ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் முதலில் பயந்த அளவுக்கு இல்லை. அந்தப் பெண்ணுக்கு இறங்கும்போது அடிவாரத்தில் தட்டுவடை செட் என் கணக்கில்.

சரி, லூவுக்கு வருவோம். 2003-ல் அவர் ஆர்லாண்டோ போனபோது அங்கே டாக் ரிவர்ஸ் என்பவர் கோச். சீசன் தொடங்கி 11 ஆட்டத்தில் 10 தோல்வி, ரிவர்ஸை நீக்கிவிட்டார்கள். இருவரும் சேர்ந்து வேலை பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் லூவை மறக்கவில்லை. 2009-ல் பாஸ்டனில் தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அங்கிருந்து படிப்படியாகக் கிளீவ்லாண்டுக்கு உதவிக் கோச். 2016 ஜனவரியில், 30 ஆட்டம் ஜெயித்து 11 தோற்று முன்னணியில் இருந்த அணியின் கோச்சைத் திடீரென்று நீக்கி லூவைத் தலைமைக் கோச் ஆக்கினார்கள். அணியில் லெப்ரான் ஜேம்ஸ். இறுதிச் சுற்றில் எதிரே 73 ஆட்டம் ஜெயித்து வந்த கோல்டன் ஸ்டேட். முதல் நான்கு ஆட்டம் முடிந்தபோது 3-1 என்று பின்தங்கிவிட்டார்கள். அதுவரை அந்த நிலையில் இருந்து இறுதிச் சுற்றை எந்த அணியும் ஜெயித்தது இல்லை.

இவர்கள் ஜெயித்தார்கள். ஏழாவது ஆட்டத்தின் இடைவேளையில் 49-42 என்று கோல்டன் ஸ்டேட் முன்னால். அப்போது லூ லெப்ரானைப் பார்த்து, நீ இதைவிட நன்றாக ஆட வேண்டும் என்று கடிந்துகொண்டதைப் பிறகு லூவே சொல்லியிருக்கிறார். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரிடம் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஆனால் ஷகீல், கோபி, ஜோர்டான் என்று மூவரையும் உடை மாற்றும் அறையில் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு, பெரிய ஆளும் சோர்ந்து போவான் என்பது தெரியும். முடிவு 93-89. லெப்ரான் 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். அசிஸ்ட் என்றால் கூட்டாளி கூடையில் போடக் கொடுத்த பாஸ். பெரிய விளையாட்டுக் கோப்பை எதுவும் 52 வருடமாகப் பார்க்காத ஊர் கிளீவ்லாண்ட்.

இரண்டு வருடம் கழித்து லெப்ரான் வேறு அணிக்குப் போய்விட்டார். 2018 அக்டோபரில் புது சீசனின் முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. கோப்பை வாங்கித் தந்த கோச்சை ஏழாவது ஆட்டம் வரை கூட வைத்திருக்கவில்லை. லூ மறுபடியும் பெட்டியைக் கட்டினார். அவருக்கு அது பழகிப்போன வேலை. 2020-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குத் தலைமைக் கோச் ஆனார். அடுத்த வருடமே அந்த அணி தன் வரலாற்றில் முதல்முறையாக மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றுக்குப் போனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பிள்ளைகளைக் கூடைப்பந்தில் சேர்க்க நினைக்கிற பெற்றோர் தைரியமாக மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள். ஷூ நல்லதாக இருக்கட்டும், சிமென்ட் தளம் முட்டியைத் தின்றுவிடும். தண்ணீர் பாட்டில் வேண்டும். நோட்டு நான் தருகிறேன். வணக்கம்.