டகோமாவுக்கு கியர் மாற்றியாச்சு! 33 இன்ச் டயருக்கு ஏன் 4.88?

வணக்கம் மக்களே! என் டொயோட்டா டகோமா பிக்கப் வண்டி போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்துவிட்டது, முன் ஆக்சில் பின் ஆக்சில் இரண்டிலும் 3.91 ரேஷியோ கியர் போய் 4.88 உட்கார்ந்திருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக: 4.88 என்றால் சக்கரம் ஒரு முறை சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு) 4.88 முறை சுற்றும். எண் கூடக்கூட இழுவை கூடும், ஆர்பிஎம்மும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கூடும். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

வண்டியை உயர்த்த லிஃப்ட் போட்ட வீடியோவும் டயர் மாற்றிய வீடியோவும் பார்த்தவர்களுக்கு என் புலம்பல் நினைவிருக்கும். டென்வரில் இருந்து ஐ-70 ஹைவேயில் மேற்கே மலைப்பக்கம் கிளம்பினால் லேசான ஏற்றத்துக்கே ஆறு, ஐந்து, நான்கு, மறுபடி ஐந்து என்று கியர் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு வண்டியில் பிடிக்கவே பிடிக்காத விஷயம் இதுதான். இந்த 3.5 லிட்டர் வி6 எஞ்சினின் முழு டார்க் (சுழற்றும் விசை) 4,600 ஆர்பிஎம்மில்தான் வருகிறது, கீழே 1,500ல் அதனிடம் ஒன்றும் இல்லை. போதாததற்கு டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி போய்விடும். அதே ஐ-70ல் வரும் ஐசன்ஹோவர் டனல் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது, அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு காலி.

சரி, கணக்குக்கு வருவோம். கம்பெனி டயர் 265/70ஆர்16, உயரம் 30.6 இன்ச். இப்போது இருப்பது 285/75ஆர்16, 33 என்று சொல்கிறோமே தவிர உண்மையில் 32.8. புதியதைப் பழையதால் வகுத்தால் 1.07, அதை 3.91ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 4.2. நிறைய பேர் இங்கேயே நின்று, "அண்ணா, 4.30 போதுமே" என்று எழுதுகிறீர்கள். போதாது! அந்த 4.2 டயரின் உயரத்தை மட்டும்தான் சரிக்கட்டும். டயரின் எடை, லிஃப்ட் போட்டதால் முகத்தில் வாங்கும் காற்று, இரும்பு பம்பர், மேலே இருக்கிற டென்ட் எதுவும் அந்தக் கணக்குக்குத் தெரியாது.

நான் பார்ப்பது ஆர்பிஎம்மை. வேகத்தை மைலில் எடுத்து ஆக்சில் ரேஷியோ, கியர்பாக்ஸ் ரேஷியோ, 336 என்ற மாறாத எண் மூன்றாலும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுக்க வேண்டும். என் ஆட்டோமேட்டிக்கில் ஆறாவது கியர் 0.58. 65 மைல் வேகத்தில் கம்பெனி டயரோடு 1,620. பெரிய டயர் போட்டதும் 1,510. அந்த நூற்றுப்பத்துதான் இத்தனை தொல்லைக்கும் காரணம். 4.88ல் 1,885, 5.29ல் 2,040.

இன்னொன்று, ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தே ஆக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு 4வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) போய்விடும்.

அப்படியானால் 5.29 ஏன் போடவில்லை? 35 இன்ச் டயராக இருந்தால் யோசிக்காமல் போட்டிருப்பேன். ஆனால் 4.88ல் கிரௌனுக்கு (ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 39 பல், பினியனுக்கு (அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) 8. 5.29ல் 37க்கு 7. பினியன் அந்த அளவுக்குச் சிறுத்துவிடும், பலமும் குறையும். என் ஓட்டத்தில் பாதி ஹைவே, எனக்கு அது தேவையில்லை.

இப்போது விலை. முதலில் கேட்ட கடையில் சொன்ன தொகை நன்றாகத்தான் இருந்தது. பேப்பரை வாங்கிப் பார்த்தால் பேரிங், சீல், ஷிம், கிரஷ் ஸ்லீவ் என்று கியரோடு சேர்த்து மாற்றுகிற சாமான் எதுவும் அதில் இல்லை, "அது தனியா வரும் சார்" என்கிறார்கள். புது கியரைப் போட்டுவிட்டு பழைய பேரிங்கையே திரும்ப மாட்டுவதா? விலை சொல்லும்போது முழு விலையைச் சொல்ல வேண்டாமா? அரை மணி நேரம் அங்கேயே நின்று கேட்டேன், கிளம்பிவிட்டேன். இரண்டாவது கடையில் கூலி, கியர், அந்தச் சாமான்கள் அடங்கிய கிட், ஆயில் எல்லாம் ஒரே பேப்பரில், 3,000 டாலரை ஒட்டி. அதுவும் இல்லாமல் பற்கள் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க கியர் பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றி எடுத்த போட்டோவைக் கேட்காமலே அனுப்பினார்கள். இதோ ஸ்கிரீனில் போடுகிறேன், பாருங்கள். பேஸ்ட் தேய்ந்த தடம் பல்லின் நுனிக்கும் போகாமல் அடிக்கும் இறங்காமல் நட்ட நடுவில். என்ன வேலை! இந்த போட்டோ தராத கடையில் கியர் வேலை கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தது. பாரம் ஏற்றவில்லை, வழியில் ஐடஹோ ஸ்பிரிங்ஸ் ஊரில் நிறுத்தி நன்றாக ஆறவிட்டுத்தான் மேலே போனேன், புது கியருக்குச் சூடு ஆகாது. ஜார்ஜ்டவுன் தாண்டி சில்வர் புளூம் ஏற்றத்தில் 60 மைலில் நான்காவது கியர், 3,000 ஆர்பிஎம், அப்படியே பிடித்துக்கொண்டு ஏறியது. முன்பு அதே இடத்தில் நான்காவதில் 2,400தான் இருக்கும், தாங்காமல் மூன்றாவதுக்கு விழுந்து 3,500க்கு மேலே அலறும். இந்த முறை பாட்டுச் சத்தத்தைக் கூட்டவே இல்லை!

மைலேஜ் கேட்பவர்களுக்கு ஒன்று. பெரிய டயரில் மீட்டர் 65 காட்டினால் நிஜத்தில் 70ஐத் தொட்டிருப்பீர்கள், ஓடோமீட்டரும் 7 சதவீதம் குறைத்தே எண்ணும். அதைத் திருத்தாமல் மைலேஜ் விழுந்துவிட்டது என்று சொல்லாதீர்கள்.

500 மைல் வரை டிரெய்லர் கட்டக் கூடாது, அது முடிந்ததும் கியர் ஆயிலை மாற்ற வேண்டும். அடுத்த வீடியோவில் ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றி, அதில் இருக்கிற காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கிட்டத்தில் காட்டுகிறேன். உங்கள் டயர் அளவு, ரேஷியோ, 65ல் என்ன ஆர்பிஎம் என்று மூன்றையும் எழுதிப் போடுங்கள், டயர் அளவை மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.