சிவப்புக் காலுறைக்காரர்களும் யூனியன் மைதானமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐபிஎல் ஏலம் நடக்கும் நாளில் நம் வீட்டுக் கூடங்களில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இவருக்கு இத்தனை கோடி, அவரை யாரும் எடுக்கவில்லை என்று பள்ளிப் பிள்ளைகள்கூடக் கணக்குச் சொல்வார்கள். விளையாடுகிறவருக்குச் சம்பளம் உண்டு, அது இவ்வளவு என்று ஊருக்கே தெரியும், அதில் யாருக்கும் கூச்சம் இல்லை. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இந்தக் கூச்சத்தை முதலில் உடைத்த ஓர் அணியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரம், ஆண்டு 1869, அணியின் பெயர் ரெட் ஸ்டாக்கிங்ஸ், அதாவது சிவப்புக் காலுறைக்காரர்கள். அவர்கள் ஆடிய இடம் யூனியன் மைதானம்.

பேஸ்பாலின் விதிகளை முழுதும் விளக்கப் புகுந்தால் எனக்குக் கொடுத்த நேரம் அதற்கே போய்விடும். மைதானத்தில் நான்கு மூலைகள். பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு மூலையாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் எதிரணி மட்டை பிடிக்கும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். இவ்வளவு தெரிந்தால் போதும். இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் காலத்தில் கையுறை கிடையாது. விரைந்து வரும் பந்தை வெறுங்கையால்தான் பிடித்தார்கள்.

கதை கிரிக்கெட்டில் தொடங்குகிறது. ஹாரி ரைட் பிறந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில். தந்தை சாமுவேல் ரைட் நியூயார்க்கில் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பின் சம்பள ஆட்டக்காரர். ஹாரி நகைத் தொழில் கற்றவர். ஆனால் மனம் முழுக்க மைதானத்தில். 1865இல் சின்சினாட்டியின் யூனியன் கிரிக்கெட் கிளப் அவரை ஆண்டுக்கு 1,200 டாலர் சம்பளத்தில் அழைத்துக்கொண்டது. ஆம், கிரிக்கெட் ஆடவும் கற்றுக்கொடுக்கவும்தான் அவர் அங்கே போனார். ஆனால் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு அந்த நாட்டு இளைஞர்களை பேஸ்பால் மோகம் பிடித்துக்கொண்டது. 1867இல் சின்சினாட்டி பேஸ்பால் கிளப் கிரிக்கெட்காரர்களின் மைதானத்திலேயே குடியேறியது. வேலி எழுந்தது, பார்வையாளர் மேடை எழுந்தது.

வேலி என்றதும் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். வேலி இருந்தால்தான் வாசல் இருக்கும். வாசல் இருந்தால்தான் டிக்கெட் விற்க முடியும். 1862இல் புரூக்ளினில் வில்லியம் கேமயர் என்பவர், குளிர்காலத்தில் மக்கள் பனிச்சறுக்கு ஆடும் ஒரு குளத்தை வற்றவைத்து, சுற்றிலும் அடைத்து, பேஸ்பால் பார்க்க ஆளுக்கு 10 சென்ட் வசூலித்தார். அதன் பெயரும் யூனியன் மைதானம்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிக்கெட் காசு வந்த பிறகு, அந்தக் காசில் ஆடுகிறவனுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியை யாராலும் தள்ளிப்போட முடியவில்லை.

பேஸ்பால் கிளப்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் இருந்தது; அதன் விதிப்படி ஆட்டக்காரர்கள் பணம் வாங்கக் கூடாது. ஆனால் வாங்கினார்கள், மறைவாக. 1867 ஜூலையில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி மேற்கு நோக்கிப் பயணம் வந்தது. அதில் பலர் காகிதத்தில் அரசாங்கக் குமாஸ்தாக்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் ரைட், நம் ஹாரியின் தம்பி. ஜார்ஜுக்கு அலுவலக விலாசம் என்று ஒன்று கொடுத்திருந்தார்கள்: பென்சில்வேனியா அவென்யூ, எண் 238. அந்த இடத்தில் இருந்தது ஒரு பொதுப் பூங்கா! அந்த நேஷனல்ஸ் அணி சின்சினாட்டிக்கு வந்து, யூனியன் மைதானத்திலேயே, 53க்கு 10 என்று வென்றுவிட்டுப் போனது. சின்சினாட்டிக்காகப் பந்து வீசியவர் அண்ணன். எதிரே மட்டை பிடித்தவர்களில் ஒருவர் தம்பி.

அந்தத் தோல்வி நகரத்துப் பெரிய மனிதர்களுக்கு உறைத்தது. கிளப்பின் தலைவர் ஏரன் சாம்பியன் ஒரு வழக்கறிஞர். 1868 முடிவில் சங்கம் சம்பள ஆட்டக்காரர்களுக்கு அனுமதி கொடுத்ததும், அவரும் ஹாரியும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். பத்துப் பேரையும் சம்பளத்துக்கு, எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு, மார்ச் 15 முதல் நவம்பர் 15 வரை அமர்த்தினார்கள்.

அந்தச் சம்பளப் பட்டியலை வாசிக்கிறேன், கேளுங்கள். தம்பி ஜார்ஜுக்கு 1,400 டாலர். அணித் தலைவரான அண்ணன் ஹாரிக்கு 1,200. பந்து வீசும் ஏசா பிரெய்னார்டுக்கு 1,100. பிரெட் வாட்டர்மனுக்கு 1,000. அடுத்த ஐந்து பேருக்குத் தலா 800, மாற்று ஆட்டக்காரருக்கு 600. மொத்தம் 9,300. தலைவனைவிடத் தம்பிக்கு அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? ஆட்டத் திறமைக்குத்தான் விலை, பதவிக்கு இல்லை. ஹாரி அதை மனமுவந்து ஏற்றுக்கொண்டார் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். இந்த ஆட்டக்காரர்கள் யார்? ஸ்வீஸியும் லெனார்டும் தொப்பி செய்கிறவர்கள். மெக்வே பியானோ செய்யும் தொழிலாளி, வயது 19. ஜார்ஜ் உலோகத்தில் எழுத்துப் பொறிப்பவர். பத்துப் பேரில் சின்சினாட்டியில் பிறந்தவர் சார்லி கூல்ட் ஒருவர்தான். நாள் முழுதும் பட்டறையில் நின்றுவிட்டு மாலையில் மட்டையெடுத்த கைகள், எட்டு மாதம் பயிற்சி ஒன்றையே தொழிலாகச் செய்யத் தொடங்கின. அந்தப் பத்துப் பேரும் காலைமுதல் பழகினார்கள். ஒருவர் எறிந்த பந்து தவறினால் பிடிக்க இன்னொருவர் பின்னால் ஓடி நிற்பார். ஊரறியச் சம்பளம் வாங்கியவன் ஊரறிய உழைத்தான். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உடையிலும் புதுமை. அதுவரை நீளக் கால்சட்டைதான். இவர்கள் முழங்காலோடு நிறுத்திவிட்டு, கீழே பளிச்சென்ற சிவப்புக் காலுறை போட்டார்கள். காலைக் காட்டுகிறார்களே என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

1869இல் சங்க அணிகளோடு ஆடிய ஆட்டங்களில் 57 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லை. வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் கிராண்ட் அவர்களை வரவேற்றார். மே மாதம்தான் கண்டத்தின் இரு கரைகளையும் ரயில் பாதை இணைத்தது; செப்டம்பரில் இவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் ஆடினார்கள். இடையில் ஒரே ஒரு மாசு: ஆகஸ்ட் 26 அன்று சொந்த மைதானத்தில் ட்ராய் ஹேமேக்கர்ஸ் அணியோடு 17க்கு 17 என்றிருந்தபோது, ஒரு கேட்ச் தகராறை முன்வைத்து ட்ராய் அணி மைதானத்தைவிட்டே வெளியேறியது. பெரும் பந்தயப் பணத்தைக் காப்பாற்றவே அப்படிச் செய்தார்கள் என்று அன்றே பேச்சு. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கிளப்பின் கையிருப்பு ஒரு டாலர் 39 சென்ட். உலகமே பேசிய அணிக்கு மிச்சம் அவ்வளவுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆட்டத்துக்கு வருகிறேன். 1870 ஜூன் 14. புரூக்ளினில் கேபிடோலைன் மைதானம். எதிரணி அட்லாண்டிக்ஸ். வேலிக்குள்ளும் வெளியிலும் கூட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபோது 5க்கு 5. அட்லாண்டிக்ஸுக்குச் சமநிலையே பெரிய பெருமை; மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள், மக்களும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் ஹாரி ரைட் சரி என்று தலையாட்டியிருந்தால் அவருடைய தோல்வியில்லாத வரிசை அப்படியே நின்றிருக்கும். எண்பதைத் தாண்டிய வரிசை அது! அவர் ஒப்பவில்லை. இரு தலைவர்களும் சம்மதித்தால்தான் சமநிலை, நான் சம்மதிக்கவில்லை, ஆடுவோம் என்றார். பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக் விதியை அறிந்தவர், அவரைக் கேட்டார்கள். அவரும் ஹாரி சொல்வதே முறை என்றார்.

பத்தாவது இன்னிங்ஸில் ஜார்ஜ் ஒரு சாமர்த்தியம் செய்தார். தலைக்கு மேல் வந்த எளிய கேட்சை வேண்டுமென்றே தரையில் விட்டு எடுத்து, மூலைகளில் நின்ற ஓட்டக்காரர்கள் திகைத்து நிற்க, இரண்டு பேரை அவுட்டாக்கினார். பின்னாளில் இதைத் தடுக்கவே தனி விதி வந்தது. பதினோராவதில் சின்சினாட்டி இரண்டு ரன் எடுத்தது. 7க்கு 5. முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அட்லாண்டிக்ஸின் ஜோ ஸ்டார்ட் வலது பக்கமாக அடித்த பந்து கூட்டத்துக்குள் போய்விழுந்தது. மெக்வே மக்களிடையே புகுந்து எடுத்து எறிவதற்குள் ஒரு ரன் வந்துவிட்டது. அடுத்து அணித் தலைவர் பாப் பெர்குசன். வலக்கை ஆட்டக்காரர். ஆனால் தன் வழக்கமான அடி நேராக ஜார்ஜின் கைக்குத்தான் போகும் என்று தெரிந்து, இடக்கைக்காரராக மாறி நின்று அடித்தார்! ஸ்டார்ட் ஓடி வந்தார், 7க்கு 7. பிறகு ஜெட்லைன் அடித்த பந்து கூல்டின் கையில் தங்கவில்லை, பதற்றத்தில் இரண்டாம் மூலைக்கு எறிந்தார், ஸ்வீஸியும் பிடிக்கவில்லை, பந்து உருண்டோட, பெர்குசன் வந்து சேர்ந்தார். 8க்கு 7.

தோற்றோம், ஆனால் மானம் போகவில்லை என்ற பொருளில் கிளப் தலைவர் ஏரன் சாம்பியன் ஊருக்குத் தந்தி கொடுத்தார். நானும் அவர் பக்கம்தான். சமநிலையை ஏற்றிருந்தால் அவர்கள் எண்ணிக்கையைக் காப்பாற்றியிருப்பார்கள். டிக்கெட் வாங்கி வந்த மக்களுக்கு ஆட்டம் பாதியில் நின்றிருக்கும். சம்பளம் வாங்கிய ஆட்டக்காரன் ஆட்டத்தை முடித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று ஹாரி நினைத்தார்.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். மைதானத்தின் கதையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தோல்விகள் சில சேர்ந்ததும் கூட்டம் குறைந்தது. ஆகஸ்டில் சாம்பியன் பதவி விலகினார். நவம்பரில், அடுத்த ஆண்டு சம்பள ஆட்டக்காரர்கள் வேண்டாம் என்று கிளப் அறிவித்தது. ஹாரி தம்பியையும் கூல்டையும் மெக்வேயையும் அழைத்துக்கொண்டு பாஸ்டன் போனார், சிவப்புக் காலுறைப் பெயரும் கூடவே போனது. 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு முறை பாஸ்டன்தான் பட்டம் வென்றது. அந்தக் கிளப்பின் வழி வந்ததுதான் இன்றைய அட்லாண்டா பிரேவ்ஸ். யூனியன் மைதானத்தை 1872இல் பிரித்து, மரங்களை ஏலம் விட்டார்கள். வென்ற பந்துகளும் கோப்பைகளும்கூட விலைக்குப் போயின. 1933இல் அந்தப் பகுதியில் சின்சினாட்டியின் பெரிய ரயில் நிலையம் திறக்கப்பட்டது. பாஸ்டன் மைதானத்தைப் பற்றியும், 1894இல் அங்கே மூண்ட தீ அக்கம்பக்கத்து வீடுகளையும் எரித்ததைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். வாய்ப்பிருந்தால் இன்னொரு நாள் பேசுவோம். நன்றி, வணக்கம்.