வானத்தைக் கழித்தால் மிஞ்சுவது

நண்பர்களே, வணக்கம்.

வீட்டு மாடியிலிருந்து கேலக்ஸிகளைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால், "எவ்வளவு பெரிய டெலஸ்கோப்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மாடியில் எவ்வளவு இருட்டு என்று யாரும் கேட்பதில்லை. 1845-இல் ரோஸ் பிரபு 72 அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப்பில் எம்51 என்ற கேலக்ஸியைப் பார்த்து, அதன் சுருளைக் கையால் வரைந்தார். இன்று 6 அங்குலக் குழாயும் ஒரு கேமராவும் சில நிமிடங்களில் அந்தச் சுருளைக் காட்டிவிடும். அதற்கு வெளியே புகைபோலத் தொங்கும் நட்சத்திரத் திரை இருக்கிறதே, அதுதான் படுத்தும்.

காரணம் வானமேதான். நகரத்து வானம் நல்ல இருட்டு வானத்தைவிட 40 மடங்கு பிரகாசமாக இருக்கலாம். கேலக்ஸியின் ஓரமோ அந்த வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. வானத்தின் சராசரி வெளிச்சத்தைக் கணினியில் கழித்துவிடலாம். அதோடு வந்த இரைச்சல், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் ஏற்றத்தாழ்வு, போகாது. அதற்காகத்தான் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து அடுக்குகிறோம். 100 படம் சேர்த்தால் சிக்னல், அதாவது கேலக்ஸியின் வெளிச்சம், 100 மடங்கு, இரைச்சல் 10 மடங்குதான். படம் இன்னும் இரண்டு மடங்கு தெளிவாக வேண்டுமா? அப்போது 400 படம். அதாவது இன்னும் பல ராத்திரி. வீட்டில் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

இப்படிப் பொறுமையாக அடுக்கித்தான் 2022-இல் அமெச்சூர்கள் சிலர் ஆண்ட்ரொமீடாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆக்சிஜன் வாயு வளைவைக் கண்டுபிடித்தார்கள். உலகமே படம் எடுத்துத் தீர்த்த கேலக்ஸி அது!

எனக்கும் ஆசை வந்தது. ஒருநாள் எம்51-க்கு இடப்பக்கம், மூலையில், மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. அன்று தூங்கவில்லை. மறுநாள் கேமராவை 90 டிகிரி திருப்பி எடுத்தேன். படத்தில் கேலக்ஸி திரும்பியது. வளையம் அதே மூலையில் இருந்தது. குற்றவாளி 'ஃப்ளாட்' என்ற என் பழைய திருத்தப் படம். சீரான வெளிச்சத்தைப் படம் எடுத்து, கருவியில் படிந்த தூசியின் நிழலை அதை வைத்துச் சரிசெய்வோம், இல்லையா? அந்தத் தூசி எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஃப்ளாட் மட்டும் விசுவாசமாக இல்லாத நிழலுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது.

துணியை எடுத்துக்கொண்டு போனேன். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.