பாட்டியோட கவர் பக்கத்து ஊருக்குப் போன கதை: வேரியபிளுக்குப் பேரு வைக்கிறதும் துடைக்கிறதும்

வணக்கம் மக்களே. மொரிஷியஸ்லேர்ந்து பேசுறேன். பின்னாடி தெரியுற கண்ணாடிக் கட்டடமெல்லாம் எபென் சைபர்சிட்டி. வேலை முடிஞ்சிருச்சு, ரோஸ் ஹில் பஸ் வர்றதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லிடறேன்.

இங்க தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. காவடி இறக்கினதும் வாழை இலையில ஏழு கறி சாப்பாடு போடுவாங்க. போன தடவை ஒரு கோவில்ல அன்னதானத்துக்குப் பணம் குடுத்தவங்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பினாங்க. கவர் மேல ஒட்டுற லேபிளுக்கு எஸ்க்யூஎல் சர்வர்ங்கிற டேட்டாபேஸ்ல புரோகிராம் எழுதிக் குடுத்தது நான்.

ஒரு வாரம் கழிச்சுப் பொருளாளர் அண்ணா போன் பண்ணார். "தம்பி, காத்ர் போர்ன்ல ஒரே வீட்டுக்கு ரெண்டு கவர் போயிருக்குப்பா. ஒண்ணு அவங்களுது. இன்னொண்ணுல ரோஸ் ஹில் பாட்டி பேரு இருக்கு, விலாசம் மட்டும் இவங்களுது." அந்தப் பாட்டி கையில காசை எண்ணிக் குடுத்தவங்க. கடிதம் வரலையேன்னு கோவிலுக்கே வந்து கேட்டிருக்காங்க. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

ராத்திரி புரோகிராம் கோடைத் திறந்து பாத்தேன். ஒவ்வொருத்தரா எடுத்து அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுற லூப். உள்ள முகவரிக்கு ஒரு வேரியபிள் (மதிப்பை வச்சிக்கிற, பேரு போட்ட டப்பா மாதிரி) டிக்ளேர் பண்ணி, அதாவது அறிவிச்சு, செலக்ட்ங்கிற கட்டளை போட்டு டேபிள்லேர்ந்து நிரப்புறேன். பாட்டிக்கு முகவரி டேபிள்ல வரியே இல்லை. செலக்ட் மூலமா வேரியபிளை நிரப்பும்போது ஒரு வரியும் கிடைக்கலைன்னா, எஸ்க்யூஎல் சர்வர் வேரியபிளைத் தொடவே தொடாது. முன்னாடி என்ன இருந்துச்சோ அதுவே இருக்கும். முன்னாடி இருந்தது காத்ர் போர்ன் வீடு.

"லூப்புக்குள்ளதானே டிக்ளேர் பண்ணேன், ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா வராதா?"ன்னு நீங்க கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். சி ஷார்ப், ஜாவா மாதிரி மொழிகள்ல பழகின கை. இங்க வேரியபிளோட ஆயுசு அந்த பேட்ச் (ஒரே தடவையா அனுப்புற கட்டளைத் தொகுப்பு) முழுக்க. டிக்ளேர் மட்டும் பண்ணா மறு சுத்துல அது காலியாகாது. டிக்ளேர் பண்ற வரியிலயே ஈக்வல் டு நல்னு (நல்னா மதிப்பே இல்லைன்னு அர்த்தம்) மதிப்பு குடுத்தீங்கன்னா, மதிப்பு குடுக்குற வேலை மட்டும் ஒவ்வொரு சுத்துலயும் நடக்கும். நான் லூப்போட முதல் வரியிலயே செட்ங்கிற கட்டளை போட்டு நல் ஆக்கிடறேன். அடுத்து கோடைப் படிக்கிறவர் கண்ணுலயும் படும்.

இன்னொரு வழியும் இருக்கு. செலக்ட்டுக்குப் பதிலா செட் போட்டு, சப்குவெரியை, அதாவது உள்ள வைக்கிற செலக்ட்டை, அடைப்புக்குறிக்குள்ள குடுங்க. வரி இல்லைன்னா தானா நல் ஆகிடும். ரெண்டு வரி வந்துச்சுன்னா எரர் அடிச்சு நிக்கும். செலக்ட் அப்படி நிக்காது, ஏதோ ஒண்ணை வச்சிக்கிட்டுப் போய்டும். ஆரக்கிள்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்ல செலக்ட் இன்ட்டூ போட்டு வரி இல்லைன்னா நோ டேட்டா ஃபவுண்டுன்னு நிறுத்தும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஒரு வார்னிங் மட்டும் குடுத்துட்டு, பழைய மதிப்பை அப்படியே விட்டுடும்.

துடைக்கிறப்ப எதைப் போட்டுத் துடைக்கிறோம்ங்கிறதும் முக்கியம். தொகைக்கு பூஜ்யம் போட்டா, "0 ரூபாய் குடுத்தார்"னு ரசீது வரும். அது ஒரு மனுஷரை அவமானப்படுத்துற காரியம். நல் போட்டா லேபிள் வெறுமையா வரும். வெறும் கவரைப் பாத்தா யாராவது "என்னப்பா இது"ன்னு கேப்பாங்க. தப்பான விலாசம் சரியான விலாசம் மாதிரியே இருக்கும், யாரு கேப்பாங்க?

சரி, பேரு விஷயம். கோவில் லிஸ்ட் பிரெஞ்சுல இருந்துச்சு. அதுல 'நோம்'னா குடும்பப் பேரு, 'பிரெனோம்'தான் சொந்தப் பேரு. நான் 'நேம்'னு ஒரே ஒரு வேரியபிள் வச்சிருந்தேன். எந்தப் பேருன்னு மூணு மாசம் கழிச்சு எனக்கே தெரியலை. இப்போ குடும்பப் பேருக்கு ஒண்ணு, சொந்தப் பேருக்கு ஒண்ணு. எழுத நீளந்தான், இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, டேபிளோட காலமும் (column, நெடுவரிசை) வேரியபிளும் ஒரே பேர்ல இருக்கிறது. ஒரு புரொசீஜர், அதாவது பேரு வச்சு டேட்டாபேஸ்ல சேமிக்கிற புரோகிராம், எழுதுறீங்க. அதுக்கு வெளியிலேர்ந்து குடுக்குற மதிப்போட, அதாவது பராமீட்டரோட பேரு டோனர் ஐடி, டேபிள் காலமும் டோனர் ஐடி. 'டோனர் ஐடி ஈக்வல் டு டோனர் ஐடி' உள்ள வரியை டெலிட் பண்ணுன்னு எழுதுறீங்க. ஆரக்கிள் ரெண்டையும் காலம்னு படிக்கும். மைஎஸ்க்யூஎல் ரெண்டையும் பராமீட்டர்னு படிக்கும். ரெண்டு இடத்துலயும் கண்டிஷன் எல்லா வரிக்கும் சரியா வந்துடும், டேபிள் மொத்தமும் காலி! போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 2010-ல வந்த 9.0 பதிப்புலேர்ந்து, "எதைச் சொல்றேன்னு புரியலை"ன்னு எரர் குடுத்து நிறுத்துது. ரொம்ப நல்ல முடிவு. எஸ்க்யூஎல் சர்வர்ல வேரியபிளுக்கு முன்னாடி அட் குறி (@) கட்டாயம், அதனால இந்தக் குழப்பம் வராது. மத்ததுல பராமீட்டர்னா 'பி அண்டர்ஸ்கோர்', உள்ள வச்சிருக்கிற வேரியபிள்னா 'வி அண்டர்ஸ்கோர்'னு முன்னாடி போட்டுப் பழகுங்க.

லூப்புக்கு ஒவ்வொரு வரியா எடுத்துக் குடுக்குற கர்சர் வச்சிருந்தா குளோஸ் மட்டும் பத்தாது, டீஅலோகேட்டும் பண்ணுங்க. இல்லைன்னா அதே கனெக்ஷன்ல மறுபடி ஓட்டுறப்ப, அந்தப் பேர்ல கர்சர் ஏற்கெனவே இருக்குன்னு முரண்டு பிடிக்கும்.

இப்போ என் டெஸ்ட் டேட்டாவுல மூணே பேரு. முதல் ஆளுக்கு முகவரி உண்டு, நடு ஆளுக்குக் கிடையாது, மூணாவது ஆளுக்கு உண்டு. ஓட்டிப் பாத்து நடு லேபிள் வெறுமையா வந்தாத்தான் கோவிலுக்கு அனுப்புவேன். பாட்டி வீட்டுக்கு அந்த ஞாயித்துக்கிழமை நானே கடிதத்தைக் கொண்டு போய்க் குடுத்தேன், விலாசத்தையும் அவங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன். பஸ் வந்துருச்சு, வரேன் மக்களே.