ஒரே விமானம், இரண்டு விலை: ஈசூன் நேயரின் கேள்வி

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "திருச்சிக்குப் போக நான் 310 வெள்ளி கொடுத்தேன். பக்கத்து இருக்கைத் தம்பி 190 வெள்ளிதான் கொடுத்தாராம். இது என்ன நியாயம்?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை.

நான் வழக்கமாகச் சொல்வதுதான்: விமான இருக்கை கதவு மூடும்வரைதான் சரக்கு. தேக்கா சந்தையில் விற்காமல் நின்ற முருங்கைக்காயை நாளைக்கும் விற்கலாம். காலியாகப் பறந்த இருக்கையை யாரிடம் விற்பது?

அதனால் நமக்கு ஒரே சிக்கன வகுப்பாகத் தெரிவதைக் கணினி பல பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு விலை. டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள், வகுப்பு என்ற இடத்தில் ஒய், எம், கே என்று ஏதாவது ஒற்றை எழுத்து இருக்கும். மலிவான பெட்டி தீர்ந்தால் அடுத்த பெட்டி திறக்கும். அப்புறம், போன வருடங்களின் விற்பனையைப் பார்த்து, கடைசி நேரத்தில் வருபவர்களுக்கென்று சில இருக்கைகளைப் பிடித்தும் வைக்கும். தேக்காவில் கடை கட்டும் நேரம் விலை இறங்கும். இங்கே பெரும்பாலும் ஏறும். ஏனென்றால் அப்போது வருபவர் போயே ஆகவேண்டியவர். என் பெரியப்பா தவறிய அன்று நானும் விலை பார்க்காமல்தான் வாங்கினேன். கணக்கு புரிகிறது, ஆனாலும் துக்கத்துக்குப் போகிறவரிடம் அதிகம் வாங்குவதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

சரி அம்மா, இதையும் நீங்கள் கேட்டிருக்கலாம்: சாங்கியில் ஒருவர், சென்னையில் ஒருவர், இருவரும் ஒரே நொடியில் கடைசி இருக்கையைக் கேட்டால் யாருக்குக் கிடைக்கும்? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஒரு காலத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ஊழியர்கள் சுழலும் அட்டைப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, விமானத்துக்கு ஓர் அட்டை என்று கையால் குறித்தார்கள். 1953இல் அந்த நிறுவனத் தலைவர் சி.ஆர். ஸ்மித்தும் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் பிளேர் ஸ்மித்தும் ஒரே விமானத்தில் தற்செயலாக அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். பெயர்ப் பொருத்தத்தில் தொடங்கிய பேச்சு, 1964இல் முழுமையாக ஓடத் தொடங்கிய சேபர் என்ற கணினி முன்பதிவு முறையில் போய் முடிந்தது. எந்த ஊரிலிருந்து கேட்டாலும் கணக்கு ஒரே இடத்தில். முதலில் பதிந்தவருக்கே இருக்கை. இன்று உங்கள் டிக்கெட்டில் இருக்கும் ஆறு எழுத்துக் குறியீடு அப்படி ஒரு பதிவைத் திறக்கும் சாவி. உங்கள் பெயர், பயணம், நீங்கள் சொல்லிவைத்த சைவச் சாப்பாடு எல்லாம் அதற்குள்தான்.

அந்தத் தம்பியை மறுபடி பார்த்தால், அவர் டிக்கெட்டில் என்ன எழுத்து என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.